கைக்கு ஏற்ற பிடி



உங்கள் வீட்டில் பால் வெட்டும் உளி ஒன்று இருந்தால் அதன் பிடியை ஒரு முறை பாருங்கள். பழைய துணியோ, சைக்கிள் டியூப்போ சுற்றியிருக்கும். கடையில் வாங்கிய உளியை வாங்கியபடியே வைத்துக்கொண்டு மரம் வெட்டுகிறவர்களை எங்கள் தோட்டத்தில் நான் கண்டதில்லை. இரண்டே நாளில் பிடியைச் சீவுவார்கள், அல்லது எதையாவது சுற்றுவார்கள். அவரவர் கைக்கு அவரவர் பிடி. நான் சொல்ல வந்தது ஒரு ரிவால்வரின் கதை. ஆனாலும் அது உளியில்தான் தொடங்குகிறது.

நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 1977-இல் போலீசில் சேரும்வரை அப்பாவின் நிரையில் மரம் வெட்டியவன். போலீசில் சேர்ந்ததை அப்பா விரும்பவில்லை. காரணம், துப்பாக்கி. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்ததே, அப்போது அப்பாவுக்கு வயது 14. அது முடிய 1960 ஆகிவிட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி. காலையில் வேலைக்குப் போகும்போது, பையில் சோறு இருக்கிறதா என்று வேலியருகே சோதனை. துரை பெரட்டுக்கு வரும்போது இடுப்பில் ரிவால்வர் தொங்கும். "அதைக் கட்டிக்கிட்டு வந்தவன் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னவன்டா நான். நீ அதைக் கட்டிக்கிட்டு வந்து என் முன்னால நிக்கப் போறியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சம்பளம் வேண்டியிருந்தது, சேர்ந்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர், பாயின்ட் 38. குழல் 4 அங்குலம், உருளையில் 6 தோட்டாக்கள். தோட்டா போடாமலே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. விசையை இழுக்கும்போதே குதிரை பின்னால் போய்த் திரும்ப வந்து அடிக்கும். அந்த இழுப்புக்கு ஏறக்குறைய 5 கிலோ பலம் வேண்டும். பலம் என்னிடம் இருந்தது. 3,000 மரத்துப் பட்டை சீவிய கை அல்லவா! இல்லாதது நீளம். எனக்கு விரல்கள் குட்டை, உள்ளங்கை தடிப்பு.

அந்தத் துப்பாக்கியின் பிடி எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே எலும்பு போல ஓர் இரும்புச் சட்டம். அதன் இருபுறமும் வால்நட் மரத்தில் இரண்டு துண்டுகள். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது நடுவில் ஒரே ஒரு ஸ்குரு. துண்டுகள் நகராமல் இருக்க அடியில் ஒரு சின்ன முளை. அவ்வளவுதான். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அந்த மரத்துண்டுகள் பள்ளத்தை நிரப்புவதில்லை. நடுவிரல் அதற்குள் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி மேலே எம்பும், வளையம் நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். முதல் தோட்டா நன்றாகப் போகும். நான்காவது சுடும்போது பிடி கைக்குள் திரும்பியிருக்கும். ஆறாவது எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1981-இல் குறிசுடும் சோதனையில் இரண்டு முறை தவறினேன். "உன் கை சரியில்லை" என்றார் பயிற்சி அதிகாரி. மூன்றாவது முறையும் தவறினால் ஆயுதப் பணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எங்கள் வட்டாரத் தோட்டங்களுக்குச் சம்பளப் பணம் பட்டணத்து வங்கியிலிருந்து காரில் போகும், கூடவே காவலுக்குப் போவது என் வேலை. கூலித் தொழிலாளிகள் ஒரு மாதம் பாடுபட்ட காசு. அந்தக் காரில் நான் வெறும் சட்டைப் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். இரவில் தூக்கம் வராது.

அந்த மாதம் எங்கள் தோட்டத்துக்கே போகும்படி ஆயிற்று. ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். அப்பா வரிசையில் வந்து, கிராணி நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார், போய்விட்டார். மனசு கஷ்டப்பட்டது.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அப்பாவே பேச்சை எடுத்தார். "அந்தச் சனியனோட பிடி ஏன் அத்தனை வழவழப்பா இருக்கு? உன் கை வேர்க்குமே. சின்னதிலேயே உளி நழுவும் உனக்கு."

அவர் பார்த்தது துப்பாக்கியை அல்ல, பிடியை! சோதனையில் தவறியதை அப்போதுதான் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் மூன்றாவது சோதனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா எழுந்துபோய்ச் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு நறுக்கி வந்து என் சட்டைப் பையில் வைத்தார்.

பிறகு நான் செய்ததை நீங்கள் பாராட்ட மாட்டீர்கள். யாரிடமும் கேட்காமல், ஸ்டேஷன் ஆயுதத்தின் மரப்பிடிமேல் அந்த டியூப்பை இறுக்கிச் சுற்றிவிட்டேன். மறுநாள் பயிற்சியில் நான்கு தோட்டாவுக்குள் அது சுருண்டு மேலே ஏறிவிட்டது. உளியை நாம் ஒரே பக்கமாக இழுக்கிறோம், சுற்றிய டியூப் அசையாமல் நிற்கிறது. துப்பாக்கியோ ஒவ்வொரு வெடிக்கும் கையை உதறுகிறது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதிகாரி கண்ணில் பட்டு, எழுத்தில் விளக்கம் கொடுத்து, ஆயுதக் கிடங்கில் பழுது பார்க்கும் மலாய் சார்ஜன் முன்னால் குற்றவாளியாக நின்றேன். வயதானவர், அதிகம் பேச மாட்டார். டியூப்பை அவிழ்த்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படிச் சுற்ற எங்கே கற்றாய்?" என்றார். சொன்னேன். "அந்தக் கத்தியைக் கொண்டு வா" என்றார்.

அப்பாவிடம் உளியைக் கேட்பது எளிதான காரியமா? "துப்பாக்கிக்காரனுக்கு என் உளி எதுக்கு?" என்று முறைத்தார். பிறகு தினமும் வெட்டுகிற உளியைத் தராமல், நான் பையனாக இருந்தபோது எனக்கென்று சீவிக் கொடுத்த பழைய உளியைத் தேடி எடுத்தார். எத்தனையோ வருடமாக அதை எறவாணத்தில் செருகி வைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

சார்ஜன் முதலில் உருளையைத் திறந்து ஆறு துளையையும் காட்டினார். ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரலை வைத்து, "சத்து, டுவா, தீகா" என்று உரக்க எண்ணச் சொன்னார். எண்ணி முடித்தபின் தோட்டாக்களை வேறு மேசையில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகுதான் திருப்புளியைத் தொட்டார். ஸ்குருவின் வாய்க்குச் சரியாக உட்காரும் திருப்புளி அது. மெல்லிய முனையை வைத்துத் திருகினால் ஸ்குருவின் வாய் பிய்ந்துவிடும் என்றார். ஸ்குருவை முழுவதும் கழற்றவில்லை. சில சுற்று தளர்த்திவிட்டு, அதன் தலையைத் திருப்புளியின் கட்டையால் மெல்லத் தட்டினார். மறுபக்க மரத்துண்டு தானாக எழும்பி வந்தது. நானாக இருந்தால் கத்தி முனையை விட்டு நெம்பியிருப்பேன், மரம் ஓரத்தில் சிதறியிருக்கும்.

வலது துண்டின் உள்பக்கம் துப்பாக்கியின் எண்ணே குத்தப்பட்டிருந்தது. அந்தத் துண்டு அந்தத் துப்பாக்கிக்கென்றே இழைத்துப் பொருத்தியது என்பதற்கு அடையாளம். இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சீட்டு எழுதிக் கட்டி வைத்தார். சட்டத்தின் முன்பக்கம் கீழே இருந்த ஒரு சிறு ஸ்குருவைக் காட்டி, "இதை மட்டும் தொடாதே" என்றார். உள்ளே இருக்கும் வில்லை அழுத்திப் பிடிப்பது அதுதான். விசை லேசாக வேண்டும் என்று சிலர் அதைத் தளர்த்துவார்களாம். அப்புறம் குதிரை அடிக்கும், தோட்டா வெடிக்காது. வெடிக்காத அந்த ஒரு முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

போட்டிகளில் சுடும் அதிகாரி ஒருவர் விட்டுப்போன ரப்பர்ப் பிடிகள் இரண்டு ஜோடி அவரிடம் இருந்தன. பேக்மேயர் என்னும் அமெரிக்கச் சரக்கு. முதல் ஜோடி பருமனானது, சட்டத்தின் முதுகையும் மூடியிருந்தது. பிடித்ததும் மெத்தென்று இருந்தது. இதுதான் வேண்டும் என்றேன். "விசையைத் தொடு" என்றார். விரல் நுனிகூட ஒழுங்காக எட்டவில்லை. முதுகில் ஏறிய ரப்பரின் கனம் என் குட்டை விரலுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பெரிய கைக்காரனுக்கு அது வரப்பிரசாதம், எனக்கு மரப்பிடியைவிட மோசம்.

சார்ஜன் என் உளியை எடுத்தார். அப்பா அதில் டியூப்பை எல்லா இடத்திலும் சுற்றவில்லை. நடுவிரலும் மோதிரவிரலும் படும் அடிப்பக்கத்தில் மட்டும் தடிப்பாகச் சுற்றி, பெருவிரல் தவழும் மேல்பக்கத்தை வெறும் மரமாக விட்டிருந்தார். சார்ஜன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது ஜோடியை எடுத்தார். அது முதுகை மூடாதது. விசை வளையத்துக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தை மட்டும் நிரப்பி, முன்பக்கம் விரலுக்கு அணை கொடுப்பது. அடி முளையில் பொருத்தி, ஸ்குருவை மாட்டி, ரப்பர் பிதுங்காத அளவுக்கு இறுக்கினார். கையில் எடுத்தேன். நடுவிரல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் விசையில் சரியாக விழுந்தது.

ஒரு குறை மிச்சம் இருந்தது. உருளையைத் திறந்து வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது ஒரு கூடு இடப்பக்கத்து ரப்பர் மேட்டில் தட்டி நின்றது. அங்கே கொஞ்சம் சீவ வேண்டும். சார்ஜன் பிடியைக் கழற்றி அரத்தை வைத்தார். ரப்பர் சுருண்டதே தவிரக் குறையவில்லை. "கூர்மையான கத்தி இருந்தால் நான் சீவுகிறேன், சார்ஜன். தண்ணீரும் வேண்டும்" என்றேன். ஈரக் கத்திக்குத்தான் ரப்பர் வழிவிடும். இது நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? காயம் படாமல் பட்டை சீவுகிற மாதிரி, காகிதக் கனத்தில் ஏழெட்டுச் சீவல் எடுத்தேன். மறுபடி பொருத்தித் திறந்து தள்ளினோம். ஆறு கூடும் மேசையில் விழுந்தன. சார்ஜன் சிரித்தார், நான் கண்டு அந்த ஒரு முறைதான். பிறகு மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் சேர்த்தார். மாதம் ஒரு முறை பிடியைக் கழற்றி உள்ளே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும் என்று என்னிடம் ஒப்புதல் வாங்கினார். ரப்பருக்கு அடியில் வியர்வை தங்கினால் வெளியே தெரியாமல் இரும்பு துருப்பிடிக்குமாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமை. சைக்கிள் டியூப் சுற்றியதற்கே நான் பட்ட பாடு போதும்.

மூன்றாவது சோதனையில் தேறினேன். பிரமாதமாக ஒன்றும் இல்லை, தேவைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஆறாவது தோட்டா எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

உளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்த ரப்பர்ச் சீவல்களை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். அப்பா ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், நெருப்பில் காட்டி மறுபடி முகர்ந்தார். "இது நம்ம மரத்துப் பால் இல்லடா" என்றார். சார்ஜன் சொன்னதைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த சம்பள நாளில் வரிசையில் வந்தபோது முதலில் இடுப்பைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். கிராணிகூட நிமிர்ந்து பார்த்தார்.

பல ஆண்டுகள் கழித்து எங்களுக்குப் பிஸ்டல் வந்தது. ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்த அன்று அப்பாவும் இல்லை, சார்ஜனும் இல்லை. கிடங்கில் ஓர் இளைஞன் ரப்பர்ப் பிடியைக் கழற்றக் கத்தியை எடுத்தான். "நெம்பாதே, தம்பி. ஸ்குருவைத் தளர்த்திவிட்டுத் தலையில் தட்டு" என்றேன். வந்துவிட்டது. எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த மரத்துண்டுகளை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்தான். சீட்டில் சார்ஜனின் கையெழுத்து மங்கியிருந்தது. அவன் வலது துண்டைத் திருப்பி, குத்தியிருந்த எண்ணைப் படித்தான். நான் சட்டத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவன் ஸ்குருவை இறுக்கினான்.