தூர்பீன் ஆபரேஷனும் இருபது நிமிஷமும்

கான்பூருக்கு மாற்றலாகி வந்த ரெண்டாவது வருஷம் வீட்டம்மாவுக்குப் பித்தப்பையில் கல். கங்கைக் கரை ஊர்களில் இது சர்வ சாதாரணம். லீவு லெட்டரை நீட்டியதும் கேஷியர் அம்மா தன் மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று மூணு பேர் கதையைச் சொல்லி, "பதரி தானே சார், தூர்பீன் போட்டு எடுத்துடுவாங்க" என்றார். லேப்ராஸ்கோப்பிக்கு இங்கே அப்படித்தான் பேர்.

1985ல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதலில் செய்தது, 1990ல் மும்பைக்கு வந்து, இன்று சின்ன நர்சிங் ஹோமில்கூட நடக்கிறது. நாலு ஓட்டை, மூணாம் நாள் வீடு.

வந்ததும் வலது தோள்பட்டையில் வலி. "ஏங்க, வயித்துல அறுத்துட்டு தோள் ஏன் வலிக்குது?" நியாயமான கேள்வி. வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்ஸைடு அடிக்கிறார்கள். அது உதரவிதானத்தை எரிச்சலூட்ட, அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை குழம்பிப் போகிறது. ரெண்டு நாளில் சரியாகிவிட்டது.

நான் பயந்தது பித்தநாளத்துக்கு. பித்தப்பைக் குழாய் என்று நினைத்து முக்கிய நாளத்தையே கிளிப் போட்டு வெட்டிவிடுவது. ஆயிரத்துக்கு மூணு முதல் அஞ்சு என்கிறார்கள். மஞ்சள் காமாலை, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி வந்தால் உடனே ஓட வேண்டும். எங்களுக்கு எதுவும் வரவில்லை. பில்லை க்ளெய்முக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

29ஆம் நாள். "தொப்புள் பக்கத்துல ஈரமா இருக்கு, பாருங்க."

நன்றாக ஆறிய தழும்பு! கீழே பட்டாணி அளவு கட்டி, நீர் போல சீழ். காய்ச்சல் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். காய்ந்தது, திரும்ப ஊறியது. மருந்தை மாற்றினார். அடுத்த ஓட்டையிலும் ஆரம்பித்தது. சாதாரண கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ரெண்டு மாசம் இப்படியே. "உள்ள ஏதாவது விட்டுட்டாங்களா?" என்று இவள் ராத்திரி கேட்கும்போது என்ன சொல்ல?

லக்னோவில் ஒரு வயதான சர்ஜனிடம் போனோம். ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே, "ஆபரேஷன் ஆகி எத்தனையாவது நாள் ஆரம்பிச்சது?" என்றார். சொன்னோம். தலையை ஆட்டினார்.

காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம் இது. தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பது. சாதாரணத் தொற்று நாலைந்து நாளில் தலைகாட்டும். இது வாரக்கணக்கில் பதுங்கி இருந்து வரும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது, டிபி மாத்திரைக்கும் பெரும்பாலும் மசியாது. தனியாகச் சொல்லி கல்ச்சர் கேட்டால்தான் மாட்டும்.

எப்படி உள்ளே போகிறது? லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை, மூட்டு மூட்டாக இருப்பவை. இடுக்கில் ரத்தம் ஒட்டிக்கொள்ளும். சிலவற்றை அதிகச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் குளுட்டரால்டிஹைடு திரவத்தில் ஊற வைத்து, கழுவி, அடுத்த நோயாளிக்கு. இருபது நிமிஷத்தில் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஸ்போர்கள் சாக சுமார் பத்து மணி நேரம் வேண்டும். இந்த வகையறாவில் சிலது அந்தத் திரவத்தையே தாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காகச் செய்து கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசினால் கதை முடிந்தது. பிரித்துக் கழுவி ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய கருவிகளும் வந்துவிட்டன. விலையும் நேரமும்தான் அதிகம்.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் சண்டை போடாமல் கேட்டேன், ஆடிட் கேள்வி மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ், எத்தனை செட்?

"ஆறு கேஸ், ரெண்டு செட், சார். நடுவுல இருபது நிமிஷம் ஊற வைப்போம்." வெள்ளந்தியாகச் சொன்னார் அந்தப் பையன். கணக்குப் போட பி.காம். தேவையில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

கட்டிகளை வெட்டி எடுத்தார்கள். கிளாரித்ரோமைசினும் இன்னொன்றும் ஆறு மாசத்துக்கு. வாயெல்லாம் இரும்பைச் சப்பிய மாதிரி கசப்பு என்கிறாள், ரசம்கூட இறங்கவில்லை. இன்னும் 41 நாள் பாக்கி. சமையலறைக் காலண்டரில் தினமும் ஒன்று அடிக்கிறாள். தழும்பு போன வாரத்திலிருந்து காய்ந்தே இருக்கிறது.