மூக்கும் மீசையும்

அரசு மருத்துவமனை, ஹார்மோன் பிரிவு. சர்க்கரைச் சீட்டோடு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து டாக்டரின் மேசையருகே வந்துவிட்டேன். இங்கே ஒருவர் நோய் அடுத்தவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

முன்னால் தாயும் மகனும். வயது 19 என்கிறது சீட்டு. முகம் எட்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. கைகால் மட்டும் நீண்டு, முழுக்கைச் சட்டை மணிக்கட்டை எட்டவில்லை.

"இவன் தம்பிக்கே மீசை வந்துடுச்சு மேடம். இவனுக்குக் குரல்கூட உடையல."

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, காபித்தூள் குப்பியை மூக்கடியில் பிடிக்கிறார். பெஞ்சு வரை மணக்கிறது.

"ஒண்ணும் தெரியல."

"மிளகா வறுத்தா இருமுறானே?"

"காரம் வேற நரம்பும்மா. வாசனை வேற."

தாயின் முகம் மாறுகிறது. "பால் தீயுறதுகூடத் தெரியலையாடான்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்..."

வலக்கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்கிறார். மடியில் கிடக்கும் இடக்கையும் அதையே செய்கிறது. பையன் சட்டென்று அதைத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான். பழகிய செயல்.

"கால்மன் சிண்ட்ரோம்" என்கிறார், நிற்கும் பயிற்சி டாக்டர்களிடம். "1944ல கால்மன் எழுதினார். 1856லயே ஸ்பெயின்ல ஒருத்தர் பிரேதப் பரிசோதனையில பார்த்திருக்கார். ஆண்கள்ல ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒருத்தர்."

தாயிடம் திரும்புகிறார். "வயசுக்கு வரவைக்கிற ஹார்மோனைத் தூண்டுற அணுக்கள், கருவுல மூக்குப் பக்கம்தான் பிறக்கும். வாசனை நரம்பைப் பிடிச்சுக்கிட்டே மூளைக்குப் போகும். இவருக்கு அந்த வழி சரியா அமையல. அதான் ரெண்டும் இல்ல."

"ஊசி போட்டா சரியாயிடுமா?"

"மீசை வரும், குரல் உடையும். பின்னால குழந்தைக்கும் தனி ஊசி இருக்கு. வாசனை மட்டும் வராது. வீட்டுல கேஸ் கசிஞ்சா இவருக்குத் தெரியாது, பார்த்துக்கங்க. சிலருக்கு ஒரு கிட்னிதான் இருக்கும், ஸ்கேன் எடுத்துடலாம்."

எழுதிக்கொண்டே கேட்கிறார்: "இதுல ஒரு வகை தாய்வழியா வரும். உங்க கூடப்பிறந்தவங்க யாருக்காவது?"

"அண்ணன் ஒருத்தர். கல்யாணமே வேணாம்னுட்டார். முகம் மழுமழுன்னு இருக்கும். ஊர்ல சாமியார்னுதான் பேரு."

"அவருக்கு வாசனை தெரியுமா?"

"யாரும் கேட்டதில்லையே மேடம்." சற்றுப் பொறுத்து, "அவருக்கு 51 ஆச்சு. இனிமே கூட்டிட்டு வந்து பிரயோசனம் உண்டா?"

"உண்டு. ஹார்மோன் இல்லாம எலும்பு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு முதல்ல பார்க்கணும்."

தாய் சீட்டைத் திருப்பி நீட்டுகிறாள். எந்தக் கிழமை வர வேண்டும் என்று அதில் குறித்துத் தரச் சொல்கிறாள்.