யாருக்கு விளங்குகிற மொழி?

கலைப்பீடத்துப் பிள்ளைகள் நிரல்மொழி பற்றிக் கதைத்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் மொழியை வாசிக்கிறதுதானே எங்கட படிப்பு. அந்த உரிமையில் கொஞ்சம் கதைக்கிறோம்.

எந்த மொழியில் தொடங்கலாம் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். "பைதன் படியுங்கோ, வாசிக்க லேசு." "ஜாவா படியுங்கோ, வேலை எடுக்கலாம்." இரண்டும் வேற வேற கதை. வாசிக்க லேசான மொழிதான் சந்தையில் வெல்லும் என்றில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதினார். அதில் வேலை செய்கிறவர்களே அதன் கோணல்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் அது இணைய உலாவிக்குள் புகுந்துவிட்டது. அந்த இடம்தான் அதைத் தூக்கிவிட்டது. கோபோலைப் பாருங்கள். கணக்கு வழக்குப் பார்க்கிறவர்களுக்கும் விளங்கவேணும் என்று, 1959இல் தொடங்கி, ஆங்கில வசனம் மாதிரியே அமைத்தார்கள். இப்ப எங்கட வயதுக்காரர் அதைத் தேடிப் போறது குறைவு. ஆனால் 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்களைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார். அரச கணினிகளில் அந்தப் பழைய நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

சரி, பைதன் உண்மையிலேயே லேசா? வரிகளை ஒழுங்காக உள்தள்ளி எழுதாவிட்டால் ஓடவே ஓடாது; அதனால் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் 'இஃப்', 'வைல்', 'நொட்' எல்லாம் ஆங்கிலம் தெரிந்த கண்ணுக்குத்தான் தானாக விளங்கும். தமிழ்மொழி மூலம் படித்து வந்த எங்களுக்கு அந்த லேசு பாதிதான். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் நிபந்தனை முன்னுக்கு வரும், 'ஆனால்' பின்னுக்கு வரும். நாங்கள் "மழை வந்தால்" என்று சொல்கிற அதே ஒழுங்கு. அதைப் பார்த்தபோதுதான், எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது தர்க்கம் இல்லை, சொல் ஒழுங்கு என்று விளங்கியது.

எழிலை நம்பி வேலைக்கு விண்ணப்பிக்க ஏலாது. அது எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்கிறது ஒன்றுதான்: முதல் சில கிழமைகளாவது நிபந்தனை, சுழற்சி எல்லாவற்றையும் தமிழில் சொல்லித் தாங்கோ. பிறகு சந்தை கேட்கிற மொழிக்குப் போகலாம். இல்லாவிட்டால், "எங்களுக்கு இதுக்கு மூளை காணாது" என்று எழும்பிப் போகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போகும். அவர்களுக்கு மூளை காணாமல் இல்லை. விளங்குகிற மொழியில் யாரும் சொல்லவில்லை.