இரண்டாவது கையெழுத்து

2020 அக்டோபரில் ஒரு படம் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் நடந்த ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. "இந்தக் காலத்திலுமா?" என்று பலர் அதிர்ந்தார்கள். மேலூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. மேலவளவுதான் நினைவுக்கு வந்தது.

1997-இல் நான் மதுரையில் கல்லூரி மாணவன். ஜூலை முதல் தேதி காலை, டீக்கடையில் ஒருவர் பேப்பரை வாய்விட்டு வாசித்தார். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி. கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள். வாசித்து முடித்ததும் கடையில் யாரும் பேசவில்லை. பாய்லர் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும், "அவன யாரு நிக்கச் சொன்னது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆற்றில் வெள்ளம் என்று தெரிந்தும் இறங்கியவனைப் பற்றிச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார். மறுத்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை.

நிற்கச் சொன்னது இந்திய அரசியல் சட்டம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமும், அதையொட்டி 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சொல்லின. அந்தச் சட்டப்படி 1996-இல் நடந்த முதல் தேர்தலிலேயே மேலவளவு தனி ஊராட்சியானது, அதாவது தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டலில் வாபஸ் வாங்கினார்கள். அடுத்த முறை வாக்குப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கும் பிறகு நடந்த தேர்தலில்தான் முருகேசன் வென்றார். வென்ற பிறகும் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார அவரால் முடியவில்லை.

அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களிலும் பத்து வருஷம் தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை. ஒன்று, மனுவே தாக்கலாகாது. இல்லையென்றால் ஊரே ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடும். எங்கள் பெரியப்பா ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இப்படிப்பட்ட ராஜினாமாக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "கடுதாசியில எழுத்து ஒருத்தருது, கையெழுத்து இன்னொருத்தருது" என்பார். அதற்குமேல் பேசமாட்டார், எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

2006-இல் அது முடிவுக்கு வந்தது. புதிதாக ஒரு சட்டமும் போடவில்லை. இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது. தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசு தீர்மானித்தது. மதுரை கலெக்டராக இருந்த உதயசந்திரன் தன் மாவட்டத்து ஊர்களுக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். அந்த அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. வென்ற நால்வரையும் முதல்வர் கருணாநிதி சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தார். பத்து வருஷமாக "நடக்காது" என்றவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் அந்தச் சில மாதங்களில் எங்கே போயின? நடத்தும் எண்ணம் இல்லாததுதான் காரணம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. இன்றும் அதுதான் என் எண்ணம்.

அப்படி வென்று பதவியில் உட்கார்ந்தவர்களால் என்ன செய்ய முடிந்தது என்பது வேறு கதை. சில வருஷம் கழித்து, எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தனி ஊராட்சித் தலைவராக ஜெயித்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுக்குமேல் இருக்கும், களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஆபீசில் பேசலாமா என்று கேட்டேன். "சாவி எங்கிட்ட இல்ல தம்பி. கிளார்க்கு வந்தாத்தான் தொறக்கணும்" என்றார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காசோலையை அவிழ்த்துக் காட்டினார். காலனிக் குழாய்க்கு மோட்டார் மாற்றியவருக்குக் கொடுக்க வேண்டிய பணம். மடித்து மடித்து நான்காக மடிந்த இடத்தில் தாள் நைந்திருந்தது. அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. தலைவி என்ற முத்திரைக்குமேல், எழுத்துக் கூட்டிப் போட்டது. பக்கத்தில் துணைத் தலைவரின் இடம் காலி.

ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஊராட்சிகளில் அவர் பெரும்பாலும் பிற சாதியினர் வாழும் ஊர்த்தெருவைச் சேர்ந்தவராகவே வருகிறார். அரிவாள் தேவையில்லை, பேனாவை எடுக்காமல் இருந்தால் போதும். தெருவிளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது, "இவ வந்தா என்ன கிழிச்சா" என்ற பேச்சும் தானாக எழும். கலெக்டர் நினைத்தால் அந்தக் கையெழுத்து அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு மனு எழுதி, பஸ் ஏறி, திங்கட்கிழமை வரிசையில் நிற்க வேண்டும். முருகேசனும் ஊருக்காகக் கேட்கத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்.

அந்தக் கொலை வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றதால் உச்ச நீதிமன்றம் வரை தண்டனை நிலைத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அடுத்த மாதமே ஊராட்சித் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலனிக்காரர் ஒருவர் அந்த விடுதலைச் செய்தியை எப்படிப் படித்திருப்பார் என்பதை அரசு நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் பாப்பாப்பட்டி கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தார். அது நல்ல காரியம். அதற்கு முந்தைய ஆண்டுதான் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள்; சில நாள் கழித்துக் கலெக்டரே நேரில் வந்து அவரை ஏற்றவைத்தார். ஊர் கொடுக்காததை மேலிருந்து ஒருவர் வந்து வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் திரும்பிப் போன மறுநாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2016-இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது அரசியல் சட்டம். தள்ளிப்போடுவதால் எல்லோருக்கும் ஒரே நஷ்டம் என்று பேசுவது சரியில்லை. ஊர்த்தெருவுக்குப் பதவி இல்லாவிட்டாலும் கோயிலும் நிலமும் சொல்லும் இருக்கிறது. காலனிக்கு இந்த ஒரு பதவிதான் இருக்கிறது.

தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள். துணைத் தலைவர் எழுத்தில் காரணம் சொல்லாமல் ஒரு வாரத்துக்குமேல் காசோலையை வைத்திருந்தால், வட்டார வளர்ச்சி அலுவலரே கையெழுத்திடலாம் என்று விதியை மாற்றுங்கள். ஊரை விட்டு வெளியே வந்து வாழும் நம்மைப் போன்றவர்கள், அடுத்த கிராம சபைக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போகலாம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது, எந்தக் காசோலை எத்தனை நாள் யாரிடம் நின்றது என்று எழுந்து கேட்கலாம்.