ரிலீவிங் லெட்டரும் பீரங்கிக் குண்டும்

பொட்டி தட்டுறவங்க நாலு பேர் டீக்கடையில சேர்ந்தா, பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில நோட்டீஸ் பீரியட்லதான் வந்து நிக்கும். தொண்ணூறு நாள், அதுல ஒரு நாள் குறைக்கமாட்டேங்குறான், ரிலீவிங் லெட்டர் தரமாட்டேங்குறான்... கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இது ஏதோ நம்ம ஐ.டி. டேமேஜர்கள் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்ச கொடுமைன்னு பல பேருக்கு நினைப்பு. இல்லைங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு அரசாங்கம் இதைச் சட்டமாவே போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல நடத்திக் காட்டியிருக்கு. அதுவும் எதுக்கு? பீரங்கிக் குண்டு செய்யறதுக்கு.

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்ட்ல தொடங்கினப்போ, பிரிட்டன்ல குண்டு வாங்கறது போர்த்துறையோட வேலை. அவங்ககிட்ட வழக்கமா சப்ளை பண்ற கம்பெனிகளோட ஒரு லிஸ்ட் இருந்தது. புதுசா யாராவது வந்தா தரம் கெட்டுடும்னு பயம். (அந்தப் பயத்துல நியாயம் இல்லாமலும் இல்லை, பின்னாடி சொல்றேன்.) லிஸ்ட்ல இருந்தவங்க தங்களால முடியாத அளவுக்கு ஆர்டரை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. தேதி தள்ளிக்கிட்டே போச்சு. 1915 மே மாசம் ஓபர்ஸ் ரிட்ஜ் தாக்குதல் படுதோல்வி. மே 14-ம் தேதி லண்டன் டைம்ஸ்ல, குண்டு இல்லாததுதான் காரணம்னு செய்தி வந்துடுச்சு. ஆஸ்க்வித்தோட லிபரல் அரசு அந்த மாசத்தோட போய் கூட்டணி அரசு வந்தது. நிதியமைச்சரா இருந்த லாயிட் ஜார்ஜைத் தூக்கிப் புதுசா ஒரு போர்த்தளவாட அமைச்சகத்துல போட்டாங்க.

அந்த அமைச்சகம் எப்படி ஆரம்பிச்சதுன்னு அவரே தன் நினைவுக் குறிப்புகள்ல எழுதியிருக்கார். ஆபீஸ்னு கொடுத்த வீட்டுல மேஜை நாற்காலியே ஒண்ணு ரெண்டுதான். அதையும் பொதுப்பணி ஆளுங்க வந்து, இது எங்க பொருள்னு எடுத்துட்டுப் போகப் பார்த்தாங்களாம் :-) போர் முடியறப்போ அதே அமைச்சகத்துல 65,000 ஊழியர்கள். அரசே கட்டினதும் எடுத்து நடத்தினதுமா 200-க்கு மேல தொழிற்சாலைகள்.

பணம் இருக்கு, கட்டடம் கட்டலாம், மெஷின் அமெரிக்காவுல இருந்து வரும். ஆள்? அதுதான் சிக்கல்.

எஞ்சினியரிங் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டிங் பண்ணினவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு சின்ன இரும்புத் துண்டை அரம் போட்டுத் தேய்ச்சு சதுரமாக்கறதுக்குள்ள நமக்கு நாக்குத் தள்ளிடும். பக்கத்துல நிக்கிற இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் பேசிக்கிட்டே நாலு இழுப்புல முடிச்சுட்டுப் போவார். அந்தக் கை வர அஞ்சு வருஷம், ஏழு வருஷம் ஆகும். 1914-ல அப்படிப்பட்ட ஃபிட்டரும் டர்னரும் ஆயிரக்கணக்குல நாட்டுப்பற்றுல பட்டாளத்துக்குப் போயிட்டாங்க. யாரும் தடுக்கலை. அப்புறம் அவங்களைப் போர்முனையில இருந்து தேடிப்பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வர வேண்டியதாச்சு.

மிச்சம் இருந்தவங்களுக்குக் கிராக்கி. ஒரு கம்பெனியோட ஆளை இன்னொரு கம்பெனி கூடக் காசு கொடுத்து இழுக்கும். 2021-ல நம்ம ஆளுங்க கையில மூணு ஆஃபர் லெட்டர் வெச்சுக்கிட்டு ஏலம் விட்ட மாதிரியேதான். இங்க ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும், அங்க படைக்குப் போற குண்டு தள்ளிப்போகும். அதனால அரசாங்கம் ஏதாவது செஞ்சே ஆகணும்ங்கற நிலைமை நிஜம். அதை நான் மறுக்கலை.

செஞ்சது என்னன்னா, 1915 ஜூலை 2-ம் தேதி வந்த போர்த்தளவாடச் சட்டம். அதுல ஏழாவது பிரிவு. தளவாடத் தொழிற்சாலையில வேலை செய்யற ஒருத்தர் வேலையை விட்டுட்டுப் போனா, அடுத்த ஆறு வாரத்துக்கு வேற எந்த முதலாளியும் அவருக்கு வேலை கொடுக்கக் கூடாது. பழைய முதலாளி 'என் சம்மதத்தோடதான் போறார்'னு ஒரு லீவிங் சர்டிஃபிகேட் கொடுத்தா மட்டும் உடனே சேரலாம். தரமாட்டேன்னா உள்ளூர் தீர்ப்பாயத்துல போய் முறையிடலாம். ஆறு வாரம் கூலி இல்லாம வாடகை கட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட எந்த ஃபிட்டரால முடியும்?

இதே சட்டத்துல ஸ்ட்ரைக்குக்கும் தடை. முதலாளிகளுக்கும் ஒரு கடிவாளம் போட்டாங்க, போருக்கு முன்னாடி வந்த லாபத்தைவிட ஐந்தில் ஒரு பங்குதான் கூட வெச்சுக்கலாம், மிச்சம் அரசாங்கத்துக்கு. ரெண்டு பக்கமும் தியாகம்னு சொன்னாங்க. ஆனா முதல் ரூபத்துல இந்தப் பிரிவைப் படிச்சா ஒரு விஷயம் உறுத்தும். முதலாளியே ஒருத்தரை வேலையை விட்டுத் துரத்தினாலும் சர்டிஃபிகேட் தராம இழுத்தடிக்கலாம். அப்பவும் அந்த ஆளுக்கு ஆறு வாரம் பட்டினி.

சட்டம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, கிளாஸ்கோ பக்கம் கோவன்ல இருந்த ஃபேர்ஃபீல்டு கப்பல் கட்டும் தளத்துல வெடிச்சது. ரெண்டு தொழிலாளிகளை நீக்கினாங்க. சர்டிஃபிகேட்டும் கொடுத்தாங்க. ஆனா அதுல, வேலையில் கவனமில்லைங்கற அர்த்தத்துல ஒரு குறிப்பு எழுதிட்டாங்க. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அவங்க எந்த யார்டு வாசல்ல போய் நிக்கிறது? கூட வேலை செஞ்சவங்க ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க. 17 பேரைத் தீர்ப்பாயத்துல நிறுத்தி, ஆளுக்கு 10 பவுண்டு அபராதம் போட்டாங்க. அந்தக் காலத்துல அது சில வாரக் கூலி. மூணு பேர் கட்டமாட்டேன்னு சொல்லி 30 நாள் ஜெயிலுக்குப் போனாங்க.

ஒரு தாள்ல ஒரு வரி. அவ்வளவுதான் விஷயம். இதைப் படிச்சப்போ எனக்கு என் நண்பன் ஞாபகம் வந்தது. கம்பெனி பேர் வேண்டாம். அவன் பேப்பர் போட்டான், தொண்ணூறு நாள் முழுசா உக்காந்து ஆணி புடுங்கினான், நாலேஜ் டிரான்ஸ்ஃபர் எல்லாம் முடிச்சான். கடைசி நாள் தாண்டியும் லெட்டர் வரலை. கேட்டா 'பிராசஸ்ல இருக்கு'. புதுக் கம்பெனியோட பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் ஆளுங்க நாலு தடவை கேட்டுப் பார்த்துட்டு ஆஃபரையே ரத்து பண்ணிட்டாங்க. அவன் தங்கச்சிக்கு அந்த வருஷம் கல்யாணம். அவங்க அப்பா முகத்தைப் பார்க்க முடியாம ஒரு மாசம் ஊருக்கே போகலை. அவனுக்கு ஸ்ட்ரைக் பண்ண ஃபேர்ஃபீல்டு ஆளுங்க மாதிரி பதினேழு பேர் இல்லை. நாங்க வாட்ஸ்அப்ல திட்டினோம், அதோட சரி.

கிளாஸ்கோவுல அரசாங்கம் பயந்துபோய் விசாரணைக் குழு போட்டது. 1916 ஜனவரியில சட்டத்தைத் திருத்தி, நீக்கப்பட்டவங்களுக்கு சர்டிஃபிகேட் கொடுத்தே ஆகணும்னு மாத்தினாங்க. அதுக்கு நடுவுல 1915 கிறிஸ்துமஸ் அன்னிக்கு லாயிட் ஜார்ஜே தொழிலாளர்களைச் சமாதானப்படுத்த நேர்ல வந்தார். மனுஷன் பேச்சுல புலி. ஆனா அன்னிக்குக் கூச்சல்ல அவரால பேசவே முடியலை. நடந்ததை நடந்தபடி போட்ட ஃபார்வர்டுங்கற பத்திரிகையை முடக்கினாங்க. அப்போ பார்க்ஹெட் இரும்பாலையில தொழிலாளர் தலைவரா இருந்தவர் டேவிட் கிர்க்வுட். அந்த ஆலை முதலாளி பேர் பியர்ட்மோர். இந்தச் சட்டம் எங்க நெத்தியில பியர்ட்மோரோட முதல் எழுத்தைச் சூடு போட்ட மாதிரி இருக்குன்னு அவர் லாயிட் ஜார்ஜ் முகத்துக்கு நேராவே சொன்னாராம். 1916 மார்ச்ல கிர்க்வுட்டை கிளாஸ்கோவை விட்டே வெளியேத்தினாங்க.

சரி, குண்டு வந்ததா? வந்தது, மழையா வந்தது. லாயிட் ஜார்ஜுக்கு அப்புறம் இந்த அமைச்சகத்துக்கு வந்தவர் எட்வின் மாண்டேகு. பத்தாம் கிளாஸ் வரலாறுல மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டுன்னு மனப்பாடம் பண்ணினோமே, அதே மாண்டேகுதான். 1914-15-ல ஒரு வருஷம் முழுக்கச் செஞ்ச அளவு 18 பவுண்டர் குண்டை இப்போ மூணே வாரத்துல செய்யறோம், கனரகக் குண்டுன்னா நாலே நாள்னு 1916 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல சொன்னார். அதுக்கு முந்தின மாசம்தான் சோம் போர் தொடங்கியிருந்தது. அதுக்கு முன்னோட்டமா ஒரு வாரத்துல பதினஞ்சு லட்சத்துக்கு மேல குண்டு போட்டாங்க, அதுல ஏகப்பட்டது வெடிக்கவே இல்லை. போர்த்துறைக்கு இருந்த பயம் இதுதான். எண்ணிக்கையைத் துரத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா, ஸ்பிரிண்ட் கடைசி நாள்ல கோடு செக்-இன் பண்றவங்களுக்கு?

ஆள் பத்தாததுக்கு இன்னொரு வழியும் கண்டுபிடிச்சாங்க. திறமையான ஒருத்தர் செய்யற வேலையைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சு, சில வாரப் பயிற்சியில புது ஆளுங்களை, முக்கியமா பெண்களை, மெஷின்ல நிறுத்தினாங்க. டி.என்.டி. நிரப்பற இடத்துல வேலை செஞ்ச பெண்களுக்குத் தோலெல்லாம் மஞ்சளாச்சு, நூத்துக்கு மேல பேர் கல்லீரல் கெட்டுச் செத்தாங்க. அது தனியா எழுத வேண்டிய கதை.

மெஷின்ல நின்னவங்களுக்குப் பீஸ் ரேட். எண்ணிக்கை ஏற ஏற சம்பளம் ஏறும். அந்த மெஷினை செட் பண்ணி, டூல் தீட்டி, அவங்களுக்குக் கத்தும் கொடுத்த டூல் ரூம் ஆளுக்கு நேரக் கணக்குக் கூலி. விளைவு, நேத்து வந்தவங்க கத்துக்கொடுத்தவரைவிட அதிகமா வாங்கினாங்க. விட்டுட்டு பீஸ் ரேட் வேலைக்குப் போகலாம்னா சர்டிஃபிகேட் கிடைக்காது. நான் ட்ரெயினிங் கொடுத்த பையன் வெளியில போய் ஒரே வருஷத்துல திரும்பி வந்து என்னைவிட நாலு லட்சம் கூட வாங்கறதைப் பார்த்தவன் நான். அந்த டூல் ரூம் ஆளோட எரிச்சலை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1917 மே மாசம் சுமார் ரெண்டு லட்சம் எஞ்சினியரிங் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக். ஜூன்ல கமிஷன் போட்டாங்க, ஜூலையில ரிப்போர்ட் வந்துடுச்சு. (ஆமாங்க, ஒரே மாசம்!) கோபத்துக்கான காரணங்கள்ல லீவிங் சர்டிஃபிகேட்டும் ஒண்ணு. அதே ஜூலையில அமைச்சரா வந்த சர்ச்சில், அக்டோபர் 15-லிருந்து அதை எடுத்துட்டார். கதவைத் திறந்தா டூல் ரூம் ஆளுங்க எல்லாம் ஓடிடுவாங்களேன்னு, நேரக் கணக்குல வேலை செஞ்ச திறமையான ஆளுங்களுக்கு 12.5 சதவீதம் போனஸும் கொடுத்தார். உடனே எங்களுக்கு எங்கேன்னு மத்தவங்க கேட்க, அது பரவிப் பரவிப் பீஸ் ரேட் ஆளுங்களுக்கும் 7.5 சதவீதம்னு போய் நின்னது. அப்ரைசல் சீசன்ல ஒரு டீமுக்கு மட்டும் ஹைக் கொடுத்துப் பாருங்க, தெரியும் :-)

சர்ச்சில் இன்னொண்ணும் செஞ்சார். ஊரை விட்டுத் துரத்தப்பட்டிருந்த கிர்க்வுட், அவர் தலையிட்டதுல, பியர்ட்மோரோட ஒரு குண்டுத் தொழிற்சாலையிலேயே மேனேஜர் ஆனார். உற்பத்தியில சாதனையும் பண்ணினார். ஒரு மனுஷனை மதிச்சுப் பேசினா வேலை நடக்குதுங்கறது லாயிட் ஜார்ஜுக்கு ஏன் தோணலையோ தெரியலை.

ஆனா சர்ச்சிலும் லேசுப்பட்டவர் இல்லை. வெளியே போற கதவைத்தான் திறந்தார். 1918 ஜூலையில, குறிப்பிட்ட சில கம்பெனிகள் அனுமதி இல்லாமத் திறமையான ஆளுங்களைப் புதுசா எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்தது. நீ எங்க வேணா போகலாம், ஆனா உன்னை எடுக்கத்தான் ஆள் இல்லை. கோவென்ட்ரியிலும் பர்மிங்காமிலும் ஸ்ட்ரைக். வேலைக்குத் திரும்பலைன்னா பட்டாளத்துல சேர்த்துடுவோம்னு அரசாங்கம் மிரட்டினதும் முடிஞ்சது.

நவம்பர் 11-ம் தேதி போர் நின்னது. ஆர்டர்கள் நின்னது. அதுவரைக்கும் ஆள் இல்லை ஆள் இல்லைன்னு கூவிக்கூவிச் சேர்த்த பெண்களைக் கொஞ்ச வாரத்துலயே லட்சக்கணக்குல வீட்டுக்கு அனுப்பினாங்க. கையில கொஞ்ச நாளைக்கு ஒரு உதவித்தொகை. சர்டிஃபிகேட்னு ஒண்ணு வாங்கணும்னு யாரும் அவங்ககிட்ட கேட்கலை.