டின் சூப்பும் கைதிகளின் மிளகுத்தண்ணியும்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகளின் பெட்டியில் சாக்லேட்டோடு சில சூப் டின்களும் இருந்தன. ஹைன்ஸ் கம்பெனியின் மல்லிகடானி. "சும்மா குடிச்சா நல்லா இருக்காது, மேல பேஸ்ட்ரி போட்டுத் தரேன்" என்றாள். கடலூரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. முட்டை பப்ஸ் போடாத பேக்கரி இங்கே ஏது? திருப்பாதிரிப்புலியூரில் வழக்கமாகப் போகும் கடையில் மாவு கேட்டேன். "பப்ஸுக்கு வெட்டின அளவா, முழு ஷீட்டா?" என்று மட்டும் கேட்டு, மைதா தூவிச் சுருட்டிக் கொடுத்தார் மாஸ்டர்.

வேலை சின்னதுதான். பீங்கான் கிண்ணத்தில் முக்கால் அளவு சூப். அது நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் மாவின் மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் மார்ஜரின் உருகி வழிந்துவிடும், அப்புறம் உப்பவே உப்பாது. கிண்ணத்தின் வாயைவிட ஒரு விரற்கடை அகலமாக மாவை வெட்டி, விளிம்பில் முட்டை தடவி, இழுத்து ஒட்டினாள். 200 டிகிரியில் இருபது நிமிடம். மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்க, மூடி பொன்னிறமாகக் குவிந்து எழுந்தது. கரண்டியால் தட்டி உடைத்ததும் உள்ளே அடைபட்டிருந்த வாசனை மொத்தமும் மூக்கில் ஏறியது. டின் சூப்புக்கு இந்த மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டி, ரசத்துல கொழம்பைக் கொட்டிட்டியா?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

மூடியின் கதை சீக்கிரமே கிடைத்துவிட்டது. மாவுக்குள் இறைச்சியை வைத்து மூடிச் சுடுவது ஐரோப்பாவில் பழைய பழக்கம். சூப் கிண்ணத்துக்கு மாவு மூடி போட்டு அதை உலகமறியச் செய்தவர் பிரெஞ்சு சமையல்காரர் பால் போக்யூஸ். 1975 பிப்ரவரி 25 அன்று ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தேன், எலிசே மாளிகையில் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தார். அன்றைய விருந்துக்கு போக்யூஸ் சமைத்தது கறுப்பு டிரஃபிள் காளான் சூப். பெயர், ஜனாதிபதியின் முதலெழுத்துகளான வி.ஜி.இ. அங்கிருந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு இறங்கி, கடைசியில் டின் சூப்பின் தலையிலும் ஏறிவிட்டது.

சூப்பின் கதைதான் நீண்டது. மல்லிகடானி நம் மிளகுத்தண்ணிதான் என்பது ஊரறிந்த விஷயம். வெள்ளைக்காரர்கள் அதை எங்கே, எந்த நிலையில் குடித்தார்கள் என்பதே என் கேள்வி. கடலூர்க்காரனுக்குரிய பாசத்தோடு முதலில் தேவனாம்பட்டினம் போனேன். 1690-இல் செஞ்சி மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் சொந்தம் என்று பேசி, சுட்டு, எல்லை பிடித்தார்களாம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமும் இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். கெடிலத்தின் கரையில் மிஞ்சியிருக்கும் செங்கல்லிடம் சமையல் குறிப்பு கேட்க முடியாது.

ஆகவே காகிதத்துக்குத் திரும்பினேன். 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி; பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மல்லிகடானிக்கு அவர்கள் காட்டும் மிகப் பழைய சான்று 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று. எழுதியவர் ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஒரு கடற்படைக்காரர். பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியுமே தங்கள் சாப்பாடு என்று நொந்துகொள்கிறார். நான் துரைமார் விருந்து மேசையைத் தேடிப் போக, அகப்பட்டது கைதியின் தட்டு.

கடற்படைக்காரர் பெங்களூர்ச் சிறைக்கு எப்படிப் போனார்? கடலூர் மறுபடி உள்ளே வருவது இங்கேதான். 1782-இல் பிரெஞ்சுப் படை ஹைதரின் துணையோடு கடலூரைப் பிடித்தது. தளபதி சுஃப்ரென் பிடித்த ஆங்கிலக் கப்பல்களின் ஆட்களுக்குச் சோறு போட வழியில்லை. கைதிகளை மாற்றிக்கொள்ள ஆங்கிலேயரும் ஒத்துவரவில்லை. சுமார் ஐந்நூறு பேரைக் கடலூரில் இறக்கி ஹைதர் கையில் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவன் ஹானிபல் கப்பலிலிருந்த ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற பையன். அவனுடைய நினைவுக்குறிப்பில் பாதை தெளிவாக இருக்கிறது: கடலூர், சிதம்பரம், பிறகு பெங்களூர்.

சிதம்பரத்தில் அந்நாளில் கோட்டை என்றால் கோயில் மதில்தான். 1781 ஜூனில் அதைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்று ஈடுகட்டினார். அந்த மதிலோரம் நடந்தால் இன்றைக்கு பூக்கடையும் செருப்புக் காப்பகமும்தான் தெரியும். நடராஜருக்குப் படைக்கும் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் வாங்கிச் சாப்பிட்டேன். சம்பா சாதத்தில் மிளகாயே கிடையாது. மிளகு, சீரகம், நெய், அவ்வளவுதான். போர்ச்சுகீசியர் மிளகாய் கொண்டுவரும்முன் இந்த நாட்டின் காரம் இதுதானே. புளித்தண்ணீரில் அதே மிளகைத் தட்டிப் போட்டால் ஏழைக்கும் ரசம், கைதிக்கும் ரசம்.

கைதியின் ரசம் துரைக்குப் பிடித்துப்போக அதிக காலம் ஆகவில்லை. சென்னை மாகாண அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே இதனால் வந்தது. லண்டனில் வில்லியம் கிட்சினரின் சமையல் நூல் 1817-இல் வந்தது. அதில் இந்த சூப் உண்டு. 1861-இல் திருமதி பீட்டன் கோழி அல்லது முயல், பன்றி இறைச்சித் துண்டு, ஆறு வெங்காயம், அரைத்த பாதாம், கறிப்பொடி எல்லாம் சேர்த்தார். மிளகின் பெயர் பட்டியலில் தனியாக இல்லை! அத்தை சொன்ன குழம்பு இங்கேதான் கொட்டப்பட்டது. அமெரிக்காவில் கேம்பெல் கம்பெனி தொடக்க காலத்தில் விற்ற 21 வகை டின் சூப்புகளில் ஒன்று மல்லிகடானி. வெறும் மிளகுநீரை விருந்துக்கு வைக்கத் துரைக்குக் கூச்சம், அதனால் இறைச்சி. டின்னில் அடைத்ததை விருந்தாளிக்குக் கொடுக்க நமக்குக் கூச்சம், அதனால் பேஸ்ட்ரி.

ஸ்கர்ரி பத்து வருடம் சிறையிருந்து தப்பி, ஒருவழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் உட்காரவும் கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் மறந்துபோயிருந்தது. அவருடைய நினைவுக்குறிப்பு 1824-இல் லண்டனில் அச்சானது. அதற்குள் அந்த ஊர்ச் சீமாட்டிகள் கிட்சினரின் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, விருந்துக்கு மல்லிகடானி காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள்.