மஞ்சள் தீ

ஊட்டியில் கேஸ் கீசர் மெக்கானிக்குக்கு டிசம்பரும் ஜனவரியும்தான் சீசன். புல்வெளியில் உறைபனி படிகிற அந்த வாரங்களில் விடிவதற்கு முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். நான் கூடச் சுற்றிய மெக்கானிக் காந்தல் பக்கத்துக்காரர். போனை எடுத்ததும் அவர் என்ன கம்பெனி என்று கேட்பதில்லை, என்ன கோளாறு என்றும் கேட்பதில்லை. "பாத்ரூமுக்கு உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?" என்றுதான் கேட்கிறார்.

பைக்கில் ஃபிங்கர்போஸ்ட் ஏறும்போது அதற்கு விளக்கமும் சொன்னார். "எரியலைன்னா கூப்புடுவாங்க சார். தப்பா எரிஞ்சா யாரும் கூப்புட மாட்டாங்க. சுடுதண்ணிதான் வருதே!"

முதல் வீட்டில் கீசர் பற்றவேயில்லை. மெக்கானிக் மூடியைக் கழற்றவில்லை. உதவிக்கு வந்த பையனிடம் "குழாயைத் திற" என்றுவிட்டுக் காதைக் கொடுத்தார். டக் டக் என்ற பொறிச் சத்தம் வரவில்லை என்றால் இரண்டே சந்தேகம்: பேட்டரி, இல்லாவிட்டால் தண்ணீர். இந்தக் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம். தடித்த டார்ச் பேட்டரி இரண்டு, மொத்தம் 3 வோல்ட். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் டயாபிரம் என்கிற ரப்பர் தட்டைத் தள்ளும். தட்டு ஒரு பின்னைத் தள்ள, பின் நகர்ந்ததும் மைக்ரோ சுவிட்ச் வேலை செய்யும். உடனே பொறி தட்டும், மேக்னெட் வால்வு திறந்து கேஸ் வரும். தீ பிடித்துவிட்டது என்பதை சென்சார் பின்தான் அறிந்து சொல்ல வேண்டும். தீயின் வழியாகப் பாயும் மிக நுண்ணிய மின்னோட்டம்தான் அதற்கு அடையாளம். அது கிடைக்காவிட்டால் சில நொடிகளில் வால்வு மூடிக்கொள்ளும்.

பேட்டரி நன்றாகவே இருந்தது. தண்ணீர் வருகிற பக்கத்து நட்டைக் கழற்றி உள்ளிருந்த சல்லடையை உள்ளங்கையில் தட்டினார். தொட்டியின் அடிமண்ணும் பிளாஸ்டிக் துருவலும் விழுந்தன. கழுவி மாட்டியதும் பொறி தட்டியது. ஐந்து நிமிட வேலை. ஆனால் மாடியிலிருந்த தொட்டியை அண்ணாந்து பார்த்து, "இன்னும் ரெண்டடி ஏத்தி வைங்கம்மா" என்றார். மலைச்சரிவு வீடுகளில் கூரையே தாழ்வு. தொட்டிக்கும் கீசருக்கும் இடையே இரண்டு, இரண்டரை மீட்டராவது உயரம் இல்லாவிட்டால் டயாபிரத்துக்குத் தள்ள வலு கிடைக்காது. போன குளிரில் வேறு யாரோ வந்து இதே வீட்டில் பேட்டரியை மட்டும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த வீட்டில் பற்றுகிறது, நாலைந்து நொடியில் அணைகிறது. சென்சார் பின்னில் கரி. உப்புத்தாளால் தேய்த்து, தீ நாக்கு படுகிற இடத்துக்கு வளைத்துவிட்டார். அப்போதும் சுடர் மெலிந்தே இருந்தது. வெளியே போய் சிலிண்டரில் கை வைத்துப் பார்த்தார்: இரவெல்லாம் பனியில் நின்று சில்லிட்டிருந்தது. நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேன் கணிசம். அது கொதித்து வாயுவாவதே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான். சமையல் அடுப்புக்குப் போதுமான வாயு அந்தக் குளிரிலும் கிளம்பிவிடும், ஐந்தாறு பர்னர் அளவுக்கு ஒரே நேரத்தில் இழுக்கிற கீசருக்குப் போதாது. சிலர் சிலிண்டர் மேல் கொதிநீரை ஊற்றுகிறார்களாம், பக்கத்தில் கரி அடுப்பைக்கூட வைக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. வெயில் படுகிற, காற்றோட்டமான இடத்துக்கு சிலிண்டரை மாற்றச் சொன்னார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

லவ்டேல் போகிற வழியில் ஒரு காட்டேஜ். இரண்டு அறை, வாடகைக்கு விடுவது. காட்டேஜ்கார அம்மா கூப்பிட்டது சத்தத்துக்காக: "பத்தும்போது டமார்ங்குதுப்பா, கெஸ்டுங்க பயப்படுறாங்க." கேஸ் தேங்கி, தாமதமாகப் பற்றினால் அப்படித்தான் அதிரும். மெக்கானிக் கதவருகே நின்றபடியே குழாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடித் துளை வழியே சுடரைப் பார்த்தார். நீலம் இல்லை. மஞ்சள், நுனியில் செம்மை. மூடியைக் கழற்றியபோது செம்புக் காயிலின் தகடுகளுக்கிடையே கரி அடைத்திருந்தது, பர்னர் துவாரங்களில் சிலந்தி வலை.

"சுத்தம் பண்ணிட்டா போதும்ல?"

"சத்தம் நிக்கும்க்கா. இது உள்ள இருக்குதே."

குளியலறை ஐந்தடிக்கு ஆறடி இருக்கும், உயரம் எட்டடி. குளிருக்காக வென்டிலேட்டரில் தெர்மக்கோல் அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடவைக்கிற கீசர் மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸை எரிக்கும். ஒரு கிலோ முழுதாக எரியக் கடல்மட்டத்திலேயே 12 கன மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு, ஆகவே இன்னும் கூடுதலாக வேண்டும். அந்த அறையில் இருப்பதோ 7 கன மீட்டருக்கும் குறைவு. அரை மணி நேரத்துக்கு அறைக்காற்று மொத்தமும் போதாது. அதற்கு வெகுமுன்பே ஆக்சிஜன் குறைந்து தீ மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு கிளம்பிவிடும். பல மாடல்கள் 20 நிமிடத்தில் தானாக அணையும், உண்மைதான். குழாயை மூடித் திறந்தால் மறுபடி பற்றும், அதுவும் உண்மைதான்.

கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், அந்த நாற்றத்தை வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்க எழ முடியாது. குளியலறையில் மயங்கியும் வலிப்பு வந்தும் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்து, கேஸ் கீசர் சிண்ட்ரோம் என்றே நம் நாட்டு மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் வலிப்பு நோய் என்று நினைத்து மருந்து எழுதிக்கொடுத்ததும் உண்டு.

மெக்கானிக் இதில் எதையும் அந்தம்மாவிடம் விவரிக்கவில்லை. பர்னரைத் துலக்கினார், காயிலைக் கழுவினார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ரெகுலேட்டரை மட்டும் சிலிண்டரிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். வெளிச்சுவருக்கு மாற்றினால் ஒழிய மாட்டித் தரமாட்டேன் என்றார். அந்தம்மாவுக்குக் கோபம். சாயங்காலம் ஆட்கள் வருகிறார்களாம், வேறு மெக்கானிக்கே இல்லையா என்றார்கள். இருக்கிறார்கள்தான், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் மறுப்பவருக்குக் கூலி இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. சுத்தம் செய்ததற்குக்கூட அன்றைக்கு அவர் வாங்கவில்லை, வாங்கினால் வேலையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

கடைசியில் வாளித் தண்ணீரை சமையலறையில் சுடவைத்துக் கொடுப்பது என்றும், வியாழக்கிழமை கீசரை இடம் மாற்றுவது என்றும் பேச்சு முடிந்தது. வெளியே மாட்டினால் மழைக்கும் காற்றுக்கும் தடுப்பு வேண்டும். உறைபனி விழும் இரவுகளில் அடியிலுள்ள திருகைத் திறந்து காயில் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து செம்பு பிளந்துவிடும்.

"தினம் ராத்திரி யாருப்பா இதைக் கழட்டிட்டு இருப்பா?"

"கழட்டலைன்னா காயில் போகும்க்கா. புதுசு போட்டுக்கலாம்" என்றார். பையன் சுவரை அளந்து, பைப், பெண்ட், கிளாம்ப் என்று செல்போனில் குறித்துக்கொண்டிருந்தான். செம்புக் காயில் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஒன்று கூடுதலாக வாங்கி வைப்போமா என்று கேட்டான். வேண்டும் என்றார்.